வீட்டு தியேட்டருக்கு மெய்யாலுமே எத்தினி சேனல் வேணும்? மொதல்ல எங்க குந்தி பாக்க போறீங்கன்னு சொல்லுங்க

குடியாத்தத்துல வீடு கட்டிட்டு இருக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. மாடில 12க்கு 16 ரூம் ஒண்ண தியேட்டருக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்காராம். ஒரு கடைல 7.1.4 போட்டா தான் அட்மாஸ் (தலைக்கு மேலருந்தும் சத்தம் வர்ற டால்பியோட முறை), அதுக்கு கொறஞ்சா காசு வேஸ்ட்டுன்னு சொல்லிட்டாங்க, மச்சான் என்னடான்னா ஒரு சவுண்ட்பார் போதும் எதுக்கு இவ்ளோ செலவுன்றாரு, ரெண்டு லட்சத்துக்குள்ள முடிக்கணும், அடுத்த மாசம் மாடி ஸ்லாப் போடறாங்க, எத்தினி சேனலுக்கு ப்ளான் பண்றதுன்னு கேக்கறாரு. கீழ ஹால்ல அம்மா டிவி பாக்கறதுக்கும் ஏதாவது சொல்லுங்கன்னு ஒரு வரி சேத்திருக்காரு.

நேரா பதில சொல்லிடறேன், அப்பால காரணம் பாக்கலாம். ஸ்பீக்கர் இப்ப 5.1 வாங்குங்க. ஏவிஆர், அதாவது சத்தத்த பிரிச்சி எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டற ஆம்ப் பெட்டி, அது மட்டும் 7 சேனல் உள்ளதா வாங்குங்க, அடுத்த வருஷம் கைல காசு வந்தா மேல ரெண்டு ஸ்பீக்கர் மாட்டி 5.1.2 ஆக்கிக்கலாம். வயர் போற பைப்பு மட்டும் 7.1.4க்கு இப்பவே பொதைச்சிடுங்க, ஏன்னா ஸ்பீக்கர எப்ப வேணா வாங்கலாம், காங்க்ரீட்ட திருப்பி ஒடைக்க முடியாது.

நான் வேலூர்ல இருந்துக்கினு காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் வரைக்கும் போய் இந்த வேலைய தான் பண்ணிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுமையா படிங்க.

நம்பர் தெரியாதவங்களுக்கு சுருக்கமா: மொத நம்பர் காது மட்டத்துல இருக்கற ஸ்பீக்கருங்க, ரெண்டாவது சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கு தனி பெட்டி, சுருக்கமா சப்), மூணாவது நம்பர் இருந்தா அது தலைக்கு மேல. 5.1னா முன்னாடி மூணு, சைடு-பின்பக்கம் ரெண்டு (அது தான் சரவுண்டு), ஒரு சப். 7.1னா அதுக்கு மேல முதுகுக்கு பின்னாடி இன்னும் ரெண்டு. 7.1.4னா அதோட சீலிங்ல நாலு. அவ்ளோதான், மத்ததெல்லாம் பெட்டி மேல ஒட்டற ஸ்டிக்கரு.

இப்ப அந்த கடைல சொன்னத எடுத்துக்குவோம். 7.1.4 இல்லன்னா அட்மாஸ் இல்லன்றது தப்பு. அட்மாஸ் எத்தினி ஸ்பீக்கர்னு கட்டி போட்ட ஃபார்மட்டே இல்ல, இந்த சத்தம் ரூம்ல இந்த எடத்துல இருந்து வரணும்னு குறிப்பு எழுதி அனுப்பறாங்க, உங்க ஏவிஆர் தன்கிட்ட இருக்கற ஸ்பீக்கர எண்ணி பாத்து அதுக்கு தகுந்தா மாதிரி பிரிச்சி குடுக்குது. தியேட்டர்ல 64 ஸ்பீக்கர் லைன் வரைக்கும் போகும், வீட்ல 5.1.2 இருந்தாலும் அதே படம் அட்மாஸா தான் ஓடும். இன்னொண்ணு, வெறும் 5.1 செட்ல ஓடிடில இருந்து அட்மாஸ் படம் போட்டா ஹெலிகாப்டர் சத்தம் காணாம போயிடும்னு பயந்துக்கறாங்க. போவாது. அந்த ட்ராக்கு உள்ளயே முழு 5.1 இருக்கு, மேல வர வேண்டிய சத்தமும் அதுல கலந்து தான் வருது. மேலருந்து வராம சுத்தி வரும், அவ்ளோ தான் வித்தியாசம்.

அதவிட முக்கியம், நீங்க பாக்கறது இன்னான்னு யோசிங்க. சினிமா தியேட்டருக்கு டால்பி டிஜிட்டல் 5.1 வந்தது 1992ல. டால்பி 7.1 தியேட்டருக்கு வந்ததே 2010ல தான், அட்மாஸ் 2012, அது வீட்டுக்கு வந்தது 2014. அப்போ எம்ஜிஆர் சிவாஜி காலத்து படம் மோனோ, எண்பதுல வந்தது பெரும்பாலும் மோனோ, இல்லன்னா ஸ்டீரியோ, தொண்ணூறுக்கு அப்பால வந்த பெரிய படங்கள்ல 5.1, இப்ப வர்றதுல கொஞ்சம் அட்மாஸ். கேபிள், டிடிஎச்ல வர்றது பெரும்பாலும் ரெண்டு சேனல் தான், யூட்யூப்பும் அப்படி தான். ஒரு வாரத்துல நம்ம வீட்ல ஓடறத எழுதி பாத்தா 7.1க்குன்னே மிக்ஸ் பண்ணது கைவிட்டு எண்ணிடலாம். ஏவிஆர்ல அப்மிக்ஸ் வசதி இருக்கு, ரெண்டு சேனல எடுத்து எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும், சில படத்துக்கு நல்லா கூட இருக்கும், ஆனா இளையராஜா பாட்டு கேக்கறதுன்னா தயவு பண்ணி அத ஆஃப் பண்ணிட்டு ஸ்டீரியோல போட்டு கேளுங்க, ஸ்ட்ரிங்ஸு ஒரு பக்கம் கிட்டாரு ஒரு பக்கம்னு அவரு வெச்ச எடம் அப்படியே தெரியும். அதுக்கு ரெண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்பும் போதும்.

இங்க ஒண்ணு சொல்லணும், இத யாரும் செக் பண்றதில்ல. வீட்டுக்கு போனா ஏழு ஸ்பீக்கர் மாட்டி இருப்பாங்க, வருஷ கணக்கா ஓடிட்டு இருக்கும், ஏவிஆர் முன்னாடி குனிஞ்சி டிஸ்ப்ளேவ பாத்தா பிசிஎம்னு போட்டு ரெண்டு சேனல் தான் வந்துட்டு இருக்கும். ஏன்னா டிவி செட்டிங்ல டிஜிட்டல் ஆடியோ அவுட்டு பிசிஎம்ல இருக்கு, நெறைய டிவி அப்படி வெச்சா ஸ்டீரியோவா தான் வெளிய தள்ளுது. அத பாஸ்த்ரூன்னு மாத்தணும், சில டிவில ஆட்டோன்னோ பிட்ஸ்ட்ரீம்னோ இருக்கும். மாத்திட்டு ஒரு 5.1 படம் போட்டா டிஸ்ப்ளேல டால்பின்னு பேரு வரணும், வந்தா தான் கணக்கு. ஆப்டிகல் வயர் போட்டு இருந்தா பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரைக்கும் தான் போகும், அட்மாஸ் அதுல ஏறவே ஏறாது. ஹெச்டிஎம்ஐ ஆர்க் (டிவி சத்தத்த ஏவிஆருக்கு திருப்பி அனுப்பற ஓட்டை) இருந்தா ஓடிடி அட்மாஸ் வரும், ப்ளூரேல இருக்கற பெரிய சைஸ் ட்ரூஹெச்டி ட்ராக்கு டிவி வழியா வரணும்னா அதோட புது ரகம் இஆர்க் வேணும், இல்லன்னா ப்ளேயர நேரா ஏவிஆர்ல சொருகிடுங்க, தொல்ல விட்டுது. ஓடிடில கூட சிலதுல பெரிய ப்ளான் எடுத்தா தான் அட்மாஸ் தர்றாங்க, அதையும் பாத்துக்கோங்க.

சரி, ரெண்டு லட்சத்த எதுல கொட்டணும். என் கணக்குல பாதிக்கு பாதி முன்னாடி மூணு ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் போயிடணும்.

சென்டர்ல, அதாவது முன்னாடி மூணுல நடுவுல இருக்கறதுல, கஞ்சத்தனம் பண்ணவே கூடாது. படத்துல வசனம் முக்கால்வாசிக்கு மேல அதுல தான் வருது. நம்ம பக்கம் தெருக்கூத்து பாத்தவங்களுக்கு தெரியும், அர்ஜுனன் வேஷம் எவ்ளோ ஜொலிச்சாலும் கதைய பேசி நடத்தற கட்டியங்காரன் சரியில்லன்னா விடிய விடிய எவனும் ஒக்காந்து இருக்க மாட்டான், சென்டரு அந்த கட்டியங்காரன் தான். டயலாக் கேக்கல, பாட்டு மட்டும் அலறுதுன்னு ரிமோட்ட கைலயே வெச்சிக்கினு ஏத்தி எறக்கிட்டு இருப்பாங்களே, அதுல பாதி கேஸு சென்டர் ஸ்பீக்கர் சோப்பு டப்பா சைஸ்ல இருக்கறதால வர்றது, மீதி அத டிவி ஸ்டாண்டோட கீழ் தட்டுல உள்ள தள்ளி வெச்சி முழங்காலுக்கு சத்தம் அனுப்பறதால வர்றது. தட்டோட விளிம்பு வரைக்கும் முன்னாடி இழுத்து, மூஞ்சி காத பாத்து கொஞ்சம் நிமுந்து இருக்கா மாதிரி ஒரு ரப்பர் துண்டு குடுங்க. அதுக்கு மேலயும் பத்தலன்னா ஏவிஆர்ல சென்டர் லெவல மட்டும் ரெண்டு மூணு டிபி ஏத்துங்க. ராத்திரில கொழந்த தூங்குதுன்னா நைட் மோடு ஆன் பண்ணுங்க, சின்ன சத்தத்த ஏத்தி பெரிய சத்தத்த அமுக்கும்.

சென்டர் இல்லாம ரெண்டு ஸ்பீக்கர்லயே நடுவுல இருந்து வர்றா மாதிரி கேக்குதேன்னு சிலர் சொல்வாங்க. கரெக்ட், நட்ட நடுவுல ஒக்காந்து இருக்கற ஒருத்தருக்கு கேக்கும். பக்கத்துல ஒக்காந்து இருக்கற சம்சாரத்துக்கு ஹீரோ பேசறது அவங்க பக்கத்து ஸ்பீக்கர்ல இருந்து வரும். தனியா படம் பாக்கறவன் சென்டர் இல்லாம பொழைக்கலாம், குடும்பத்தோட பாக்கறவன் முடியாது.

சப்பு. இத தான் எல்லாரும் வாட்ஸ் பாத்து வாங்கறாங்க. பிஎம்பிஓன்னு ஆயிரக்கணக்குல போட்டு இருக்கறத கண்டுக்காதீங்க, ஆர்எம்எஸ், அதாவது நிக்காம தொடர்ந்து குடுக்கற பவரு, எவ்ளோன்னு மட்டும் கேளுங்க. 5.1ல வர்ற அந்த .1 தனி லைன், 120 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ள பெரிய சத்தத்துக்குன்னே வெச்சது. ஆனா சப்புக்கு அது மட்டும் இல்ல வேல. மத்த அஞ்சு ஸ்பீக்கரோட அடி சத்தத்தையும் ஏவிஆர் வெட்டி இதுக்கு தான் அனுப்புது, வழக்கமா 80 ஹெர்ட்ஸ்ல வெட்டறது. அப்போ ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஸ்மால்னு செட் பண்ணிட்டு கிராஸோவர், அதாவது அந்த வெட்டற எடத்த, 80ல வெச்சீங்கன்னா சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் கூட மூச்சு வாங்காம பாடும். உங்க ரூம் பத்தடி ஒசரம்னு வெச்சா 1920 கன அடி, இதுக்கு பத்து இல்ல பன்னெண்டு இஞ்சு சப் ஒண்ணு வேணும், செட்டா வர்ற ஆறரை இஞ்சு சப்பு டப் டப்புன்னு அடிக்கும், நெஞ்சுல எறங்காது.

அத எங்க வெக்கறதுன்னு தான் பெரிய வெவகாரம். பன்னெண்டு அடி சுவருக்கும் எதிர் சுவருக்கும் நடுவுல 47 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு அலை நின்னுக்கும், பதினாறு அடி நீளத்துக்கு 35 கிட்ட ஒண்ணு. அதனால ஒரு சீட்ல பேஸ் ஊதும், ரெண்டடி தள்ளி ஒக்காந்தா காணவே காணாம். சப்ப மாத்தினாலும் இது போவாது, எடத்த மாத்தணும். சுலபமான வழி: சப்ப தூக்கி நீங்க குந்துற சோபா மேலயே வெச்சிடுங்க, பேஸ் நல்லா இருக்கற பாட்டு ஒண்ண திரும்ப திரும்ப ஓட விடுங்க, அப்பால நீங்க மண்டி போட்டு சுவர் ஓரமா ரூம சுத்தி வாங்க, எந்த மூலைல பேஸ் குழையாம ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா கேக்குதோ அங்க சப்ப எறக்கி வைங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அப்பால காசு வந்து முதுகுக்கு பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் வாங்கறதா ரெண்டாவது சப் வாங்கறதான்னு வந்தா நான் ரெண்டாவது சப்புன்னு தான் சொல்வேன், எல்லா சீட்டுக்கும் பேஸ் ஒரே மாதிரி வர வெக்கறது அது தான்.

இப்ப தான் சேனல் எண்ணிக்கைக்கே வரேன். எத்தினி சேனல்ன்றத முடிவு பண்றது உங்க பர்ஸு இல்ல, உங்க முதுகுக்கு பின்னாடி எத்தினி அடி எடம் இருக்குன்றது.

உங்க ரூம்ல திரை பன்னெண்டு அடி சுவத்துல வருதுன்னு வெச்சிக்குவோம். திரைல இருந்து பத்தடில காது இருக்கட்டும். அப்போ முன்னாடி லெஃப்ட்டு ரைட்டு ரெண்டுக்கும் நடுவுல எட்டடி விட்டா சரியா இருக்கும். சரவுண்டு ரெண்டும் காதுக்கு நேர் பக்கத்துலயும் வேணாம், முதுகு பக்கமும் வேணாம், காதுக்கு நேர்ல இருந்து ரெண்டடி பின்னாடி தள்ளி சைடு சுவத்துல, ஒக்காந்தா காது எந்த ஒசரத்துல இருக்கோ அதுக்கு ஒரு அடி மேல. நேர் முன்பக்கத்துல இருந்து அளந்தா, அத தான் 110 டிகிரின்னு சொல்றாங்க. 5.1க்கு படம் மிக்ஸ் பண்றவங்க ரூம்லயும் கிட்டத்தட்ட அந்த கோணத்துல தான் வெச்சிருப்பாங்க. ரெண்டு மூலைல சீலிங் ஓரமா கீழ பாத்தா மாதிரி தொங்க விடறது நம்ம ஊர்ல பழக்கம், கொசுவத்தி சுருள் வெக்கற எடம் மாதிரி ஆயிடுச்சி, அது வேணாம். ஒரு பக்கம் பால்கனி கதவு வந்து சரவுண்டு மாட்ட முடியலன்னா ஸ்டாண்டு போடுங்க, தூரம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா ஏவிஆர் மைக்க வெச்சி அளந்து டிலே குடுத்து சரி பண்ணிக்கும், ஒரு அடிக்கு சத்தம் வர ஒரு மில்லி செகண்டு கிட்ட ஆகும், அது போடற கணக்கு அவ்ளோ தான். ஆனா ஒரு ஸ்பீக்கர் சைடுலயும் இன்னொண்ணு பின் சுவத்துலயும் இருந்தா அத எந்த மைக்கும் சரி பண்ணாது.

7.1 எப்போ? சோபாக்கு பின்னாடி கொறஞ்சது நாலடி காலியா இருந்தா. உங்களுக்கு ஆறடி இருக்கு, அதனால போடலாம், தப்பில்ல. ஆனா நெஜத்துல இன்னா நடக்கும்னா வீடு குடி போனதும் சோபாவ பின் சுவத்துல ஒட்டி தள்ளிடுவாங்க, நடக்க எடம் வேணும்னு. ஒட்டிட்டா பின்னாடி ரெண்டு ஸ்பீக்கரும் காதுல இருந்து முக்கா அடில இருக்கும், படம் பூரா அது மட்டும் தான் கேக்கும், பேஸும் சுவத்துல மோதி ஊதும். சுவத்துல ஒட்டி ஒக்காறவங்களுக்கு 7.1 வேணவே வேணாம், அந்த காச மேல போடுங்க. எடம் இருக்கறவங்களுக்கும் என் வரிசை இது தான்: மொதல்ல 5.1, அப்பால மேல ரெண்டு, அப்பால ரெண்டாவது சப்பு, கடைசில பின்னாடி ரெண்டு. முன்னாடி மூணும் சப்பும் நல்லதா வாங்கி 3.1 ஓட்டறவரு, மட்டமான ஒம்போது ஸ்பீக்கர் மாட்டினவர விட சந்தோஷமா படம் பாப்பாரு.

மேல ரெண்டு போடும்போது உங்க ரூம்ல பேனு எங்க வருதுன்னு பாருங்க. திரைல இருந்து எட்டடில, ரூம் நடுவுல பேனு, நீங்க பத்தடில. தலைக்கு ஒரு அடி முன்னாடி, ரூம் நடு கோட்டுல இருந்து லெஃப்ட்டுல நாலடி ரைட்டுல நாலடி, அதாவது முன்னாடி ஸ்பீக்கருங்களுக்கு நேர் கோட்டுல சீலிங் ஸ்பீக்கர் வரும். 48 இஞ்சு பேனு றெக்க நடுவுல இருந்து ரெண்டடி தான் வீசும், அதனால இடிக்காது, சத்தத்துக்கும் குறுக்க வராது. நாலு போடறதா இருந்தா கணக்கு வேற: பத்தடி ஒசர ஸ்லாப்புக்கு காதுல இருந்து ஆறரை அடி முன்னாடி ரெண்டு, பின்னாடி அஞ்சு அஞ்சரை அடில ரெண்டு. நாலு இருந்தா மேல பறக்கற சத்தம் முன்னாடில இருந்து பின்னாடி போறது தெரியும், ரெண்டு இருந்தா மேல இருக்குன்னு மட்டும் தெரியும். மழை சீனுக்கு ரெண்டே போதும்.

டவர் ஸ்பீக்கர் தலைல ஒக்கார வெச்சி சத்தத்த மேல அடிச்சி சீலிங்ல பட்டு கீழ வர வெக்கறாங்களே, அந்த டைப்பு தட்டையான சீலிங்ல, ஏழரை அடில இருந்து பதினாலு அடி ஒசரத்துக்குள்ள தான் சரி வரும். உங்க ஆர்சிசி ஸ்லாப்புக்கு வேல செய்யும். ஆனா பழைய வாலாஜாபேட்டை, ஆற்காடு பக்கம் தேக்கு கட்ட வரிசையா ஓடற மெட்ராஸ் டெரஸ் வீடு, இல்ல ஓட்டு வீடு, இதுல போட்டா சத்தம் எங்கெங்கயோ செதறும், அங்க நேரா மேல மாட்டறது ஒண்ணு தான் வழி.

ஏவிஆர்ல ஒரு ஏமாத்து வேல மாதிரி தெரியற விஷயம் இருக்கு. 5.2னு போட்டது பெரும்பாலும் 5.1 தான் ஓட்டும், அஞ்சுக்கு மேல ஸ்பீக்கர் சேக்க அதுல வழி கெடையாது. 7.2 வாங்கினா 7.1 இல்லன்னா 5.1.2, ரெண்டுல ஒண்ணு தான், ரெண்டும் சேத்து இல்ல. 9 சேனல்னா 7.1.2 இல்லன்னா 5.1.4. 7.1.4 வேணும்னா 11 சேனல் ப்ராசஸிங் வேணும், அதுலயும் சில மாடல்ல உள்ள ஒம்போது ஆம்ப் தான் இருக்கும், மீதி ரெண்டுக்கு வெளிய தனி ஆம்ப் வெக்கணும். ப்ரீ அவுட் (வெளி ஆம்புக்கு சிக்னல் எடுக்கற ஓட்டை) இருக்கற மாடலா இருந்தா நம்ம ஊர் அசெம்பிள் பார்ட்டிங்க கட்டற 5200-1943 ட்ரான்சிஸ்டர் போர்டு ஆம்ப் தாராளமா போதும், ட்ரான்ஸ்ஃபார்மர் நல்லதா போட சொல்லுங்க, பின்னாடி ஸ்பீக்கருக்கு என்ன பெரிய பவரு வேண்டி கெடக்கு. ஆனா முழு செட்டையே அசெம்பிள்ல பண்றேன்னா ஒண்ணு கேட்டுக்கோங்க: உள்ள இருக்கறது நெஜ டிகோடர் போர்டா, இல்ல ரெண்டு சேனல எடுத்து ஆறா பிரிக்கற ப்ரோலாஜிக் போர்டா. ரெண்டாவதா இருந்தா ஆறு ஸ்பீக்கர்லயும் சத்தம் வரும், ஆனா கார் பின்னாடில இருந்து முன்னாடி போறது வராது.

மச்சான் சொல்ற சவுண்ட்பார் பத்தி. வாடகை வீடு, சுவத்துல ஆணி அடிக்க கூடாது, சின்ன ஹால்னா நான் கூட அத தான் வாங்க சொல்வேன். பெட்டி மேல 9.1.4ன்னு போட்டு இருந்தா அது பார்குள்ளயும் கூட வர்ற பெட்டிலயும் இருக்கற ஸ்பீக்கர எண்ணி போட்டது, ரூம்ல ஒம்போது எடத்துல இருந்து சத்தம் வரும்னு அர்த்தம் இல்ல. சைடு சத்தம் சுவத்துல பட்டு திரும்பி வரணும், ஒரு பக்கம் கிச்சனுக்கு தொறந்து கெடக்கற ஹால்ல பட்டு திரும்ப அங்க என்ன சுவரு இருக்கு? வாங்கறதா இருந்தா பின்னாடி வெக்க தனியா ரெண்டு ஸ்பீக்கர் வர்ற மாடலா வாங்குங்க. ஆனா தனி ரூம் கட்டி, ஸ்லாப்புல பைப்பு போடற சான்ஸும் கைல இருக்கறவரு சவுண்ட்பார் வாங்கறது அநியாயம், இத மச்சான் கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

பைப்பு விஷயம். கம்பி கட்டி முடிச்சி எலக்ட்ரீசியன் பேனு பாக்ஸ் வெக்க வருவாரு இல்ல, அன்னிக்கு நீங்க அங்க நிக்கணும். ஒரு இஞ்சு பிவிசி, சீலிங்ல நாலு எடத்துல ஜங்ஷன் பாக்ஸ், மேல சொன்ன அளவுல டேப்பு புடிச்சி சென்ட்ரிங் பலகைலயே சாக்பீஸ்ல மார்க் பண்ணிடுங்க. மேஸ்திரி அவசரத்துல கால் வெச்சி மிதிச்சி பைப்பு நசுங்கும், காங்க்ரீட் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ எல்லா லைன்லயும் ஜிஐ கம்பி விட்டு இழுத்து பாருங்க, அந்த கம்பிய உள்ளயே விட்டுடுங்க, அப்பால வயர் இழுக்க அது தான் உதவும். பெண்டு சட்டுனு திரும்பாம அகலமா வளையணும். சுவர் பூசறதுக்கு முன்னாடி சரவுண்டுக்கு ரெண்டு, பின்னாடிக்கு ரெண்டு, சப்புக்கு ரெண்டு மூலைல ஒவ்வொண்ணு. ப்ரொஜெக்டர் வெக்கற ஆசை இருந்தா அதுக்கு மட்டும் ரெண்டு இஞ்சு பைப்பு, ஹெச்டிஎம்ஐ தலை சின்ன பைப்புல பெண்டு தாண்டாது. 230 வோல்ட் லைன் போற பைப்புல ஸ்பீக்கர் வயர சேத்து விட சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, ஆபத்தும் கூட, ஒரு அடி தள்ளி போகட்டும், குறுக்க போற எடத்துல நேர் செங்குத்தா தாண்டட்டும். வயரு 16 கேஜ் போதும், ரொம்ப நீளம்னா 14, சுத்த காப்பர், அலுமினியத்துல காப்பர் பூசினது வேணாம்.

ஸ்பீக்கர் வாங்கறதுக்கு முன்னாடி, பூச்சு முடிஞ்சி டைல்ஸ் போட்டதும் காலி ரூம்ல நின்னு ஒரு கை தட்டி பாருங்க. டிங்ங்னு ஒரு வால் இழுத்தா அந்த ரூம்ல பதினோரு ஸ்பீக்கர் போட்டாலும் எல்லாம் ஒண்ணா கொழம்பி தான் வரும். சோபா முன்னாடி தரைல தடியா ஒரு ஜமக்காளமோ கார்ப்பெட்டோ, ஜன்னலுக்கு கனமான ஸ்க்ரீன், சைடு சுவத்துல முன் ஸ்பீக்கர் சத்தம் மொதல்ல படற எடத்துல ரெண்டு இஞ்சு ராக்வூல் (சத்தத்த உறிஞ்சற கம்பளி மாதிரி) பேனல் துணி போத்தி. அந்த எடம் எதுன்னு கண்டுபுடிக்க ஒருத்தர கண்ணாடி ஒண்ண சுவத்துல வெச்சி நகத்த சொல்லிட்டு நீங்க சோபால ஒக்காருங்க, ஸ்பீக்கர் கண்ணாடில தெரியற எடம் தான் அது. முட்டை அட்டைய ஒட்டாதீங்க, தீ புடிக்கும், பேஸுக்கு ஒண்ணும் பண்ணாது.

நம்ம வெயிலுக்கு இன்னொரு சிக்கல். மே மாசத்துல ஸ்க்ரீன மூடிட்டு ஒக்காந்தா வெந்துடுவோம், பேன அஞ்சுல வெப்போம், அந்த காத்து சத்தத்துல சரவுண்டுல வர்ற பூச்சி சத்தம், தூரத்து நாய் சத்தம் எதுவும் கேக்காது. பின்னாடி வர்ற சின்ன சத்தம் பேன் எரைச்சலுக்கு கீழ போயிட்டா அங்க எத்தினி ஸ்பீக்கர் இருந்தா இன்னா? அதனால பின்னாடி ரெண்டு ஸ்பீக்கருக்கு வெச்சிருக்கற காச எடுத்து சத்தம் கம்மியா இருக்கற இன்வெர்ட்டர் ஏசில போடுங்கன்னு சொன்னா சிரிக்காதீங்க, மேல் மாடி ரூமு, தலைக்கு மேல நேரா வெயில் அடிக்கற ஸ்லாப்பு. மொட்ட மாடில கூலிங் டைல்ஸ் போட்டா ஏசிக்கு பாரம் கொறையும்.

கீழ ஹால்ல அம்மாவுக்கு சேனலே வேணாம். சீரியலும் செய்தியும் எப்படியும் ரெண்டு சேனல்ல தான் வருது. டிவிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரு, ஒரு சின்ன ஸ்டீரியோ ஆம்ப். இல்லன்னா வசனத்த தூக்கி குடுக்கற வாய்ஸ் மோடு இருக்கற சாதா சவுண்ட்பாரு, அத டிவி ஆன் பண்ணா தானா ஆன் ஆகற மாதிரி ஹெச்டிஎம்ஐல மாட்டி ரிமோட் ஒண்ணே ஒண்ணா ஆக்கி குடுத்துடுங்க.